இருநூற்றுப் பன்னிரண்டாம் சுவிட்ச்

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் பெயர் 'பார்க்கலாம்'. கிண்டலாகத் தொடங்கி, பழக்கமாகி, கடைசியில் கொஞ்சம் மரியாதையும் வந்து ஒட்டிக்கொண்டு, 'பார்க்கலாம் சார்' என்று நிலைத்துவிட்டது. மேசையை ஜன்னலோரம் நகர்த்தலாமா என்று கேட்டாலும் சரி, தீப்பிடித்தால் எந்தப் படியில் இறங்குவது என்று கேட்டாலும் சரி, அவரிடமிருந்து வரும் பதில் அந்த ஒரே சொல்தான். சொல்லும்போது தலை லேசாக இடப்பக்கம் சாயும். வலப்பக்கம் சாய்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

இருபத்தொரு வருடத்துக்கு முன்னால், இன்று அவருக்கு மனைவியாக இருப்பவரின் அப்பா அவரை வீட்டுக்கு வரவழைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, நேருக்கு நேராகக் கேட்டார்.

"நீங்களும் என் பொண்ணும் ரெண்டு வருஷமாப் பேசிப் பழகுறீங்க. கட்டிக்கிறீங்களா?"

"பார்க்கலாம்."

கேட்டவர் பஸ் ஓட்டுநர். மணியடித்தால் வண்டியை எடுத்தே பழகியவர். அந்தப் பதிலை மணிச்சத்தமாக எடுத்துக்கொண்டு, எழுந்து போய் மண்டபம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். நம்மவருக்குக் கல்யாணம் ஆன வரலாறு இவ்வளவுதான். ஓட்டுநருக்குப் பதிலாக ஒரு வாத்தியாரோ வக்கீலோ மாமனாராக வாய்த்திருந்தால், அந்தப் பேச்சுவார்த்தை இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவருக்கு ஏற்ற உத்தியோகம் உலகத்தில் இருக்குமா என்றால், இருந்தது. அவர் வேலை பார்த்த கம்பெனி, டோக்கன் மெஷின்களுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனி. ஆஸ்பத்திரி, ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற ஆபீஸ், நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடுகிற இடம் என்று, மக்கள் வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற எந்த இடத்திலும் ஒரு மெஷின் சீட்டைத் துப்பும். சுவரில் ஒரு திரை எண்ணைக் காட்டும். ஒரு பெண்குரல், யார்மேலும் கோபமில்லாத ஒரு பெண்குரல், 'டோக்கன் எண் நாற்பத்திரண்டு, அறை எண் மூன்று' என்று அழைக்கும். அந்த மாதிரி ஆயிரத்து இருநூறு இடங்கள் அந்தக் கம்பெனியின் கையில் இருந்தன.

அங்கே ஒரு வழக்கம். புதிதாக எதை எழுதினாலும் உடனே ஓடவிட மாட்டார்கள். எழுதியது ஆயிரத்து இருநூறு இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அங்கே போய்ப் படுத்துத் தூங்கும். அதன் தலைமாட்டில் ஒரு சுவிட்ச். அந்தச் சுவிட்சுகள் எல்லாம் அலுவலகத்தில் ஒரு பட்டியலில் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தட்டினால், அத்தனை ஊரிலும் அது ஒரே நேரத்தில் கண்விழிக்கும். ஏதாவது ஏடாகூடமானால் மறுபடி தட்டினால் போதும், ஒரு நொடியில் தூங்கிவிடும். யாரும் பழைய நிரலைத் தேடிக்கொண்டு அலைய வேண்டாம். கைவசம் ஒரு திரும்பும் வழி எப்போதும் இருக்கும். அருமையான ஏற்பாடு. அதில் ஒரேயொரு நிபந்தனைதான்: என்றைக்காவது ஒருநாள் யாராவது அந்தச் சுவிட்சைத் தட்ட வேண்டும்.

அந்தப் பட்டியலுக்குக் காவலர் நம்மவர்.

மொத்தம் முந்நூற்று நாற்பது சுவிட்சுகள். விழித்திருப்பவை அறுபத்தொன்று. மற்றவை, கும்பகர்ணன் பார்த்தால் கூச்சப்படும்படி, வருடக்கணக்காகத் தூங்கின. ஒவ்வொரு புதன்கிழமையும் பதினோரு மணிக்கு நம்மவர் பட்டியலைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக வாசிப்பார்.

"நூற்று நாற்பது. திரையில் எழுத்தைப் பெரிதாக்குவது."

"இருக்கட்டும்" என்று நாலைந்து குரல் வரும்.

"நூற்று நாற்பத்தொன்று. குரலின் வேகத்தைக் குறைப்பது."

"இருக்கட்டும்."

இந்தச் சடங்குக்கு, மேசையின் கோடியில் உட்கார்ந்திருக்கும் டெஸ்டர் அம்மாள் ஒரு பெயர் வைத்திருந்தார்: தூங்குறவங்களுக்கு அட்டெண்டன்ஸ். மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது அவர் வேலை. அதை அலுவலக நேரத்துக்கு வெளியேயும் செய்துவந்தார்.

அணைத்து வைத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பது நம்மவருடைய கொள்கை. வீட்டிலும் அதே கொள்கைதான் நடந்தது. ஹாலின் மூலையில் ஒரு நடைப்பயிற்சி மெஷின் இருந்தது, வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறையோடு. ஆறு வருடமாக அதன் கைப்பிடியில் துணி காய்ந்தது. "எவ்வளவு நல்லா வச்சிருக்கோம் பாரு, ஒரு ரிப்பேர் வந்ததில்லை" என்று அவர் ஒருமுறை பெருமையாகச் சொன்னபோது, அவர் மனைவி ஈரத் துண்டை அதன்மேல் உதறிப் போட்டுவிட்டு, "ஓடினாத்தானே நோவு வரும்" என்றார்.

தூங்கியவற்றில் ஒன்றின் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. பெயர், 'தவறிய டோக்கன்'. அதை எழுதியவர் வேறு யாருமில்லை, நம்மவரே. நான்கு வருடத்துக்கு முன்னால் மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினார். விஷயம் சின்னது. எண்ணைக் கூப்பிடும்போது ஆள் இடத்தில் இல்லையென்றால், அந்த எண் போனதுதான். புது டோக்கன் வாங்கி வால்நுனியில் போய் நிற்க வேண்டும். இந்தச் சுவிட்சைப் போட்டால், தவறவிட்டவர் திரும்பி வந்து பழைய சீட்டையே மெஷினிடம் காட்டலாம். இரண்டு பேருக்குப் பிறகு அவரை மறுபடி கூப்பிடும். இப்படி இரண்டு முறை மன்னிக்கும். மூன்றாவது முறை மன்னிக்காது.

எழுதி முடித்ததும் ஒரே ஒரு உரிமம் ஆபீஸில் மட்டும் போட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கென்று பதினான்காம் எண்காரரும் பதினைந்தாம் எண்காரரும் ஒன்றாக வெளியே போய், ஒன்றாகத் திரும்பி வந்து, ஒன்றாகச் சீட்டைக் காட்டினார்கள். மெஷின் பதினான்கைக் கூப்பிட்டது. அவர் எழுந்திருப்பதற்குள் பதினைந்தைக் கூப்பிட்டது. அவர் எழுந்ததும் பதினான்கு. பிறகு பதினைந்து. நாற்பது நிமிடம் இருவரும் மாறிமாறி எழுந்து உட்கார்ந்தார்கள். கூடத்தில் இருந்த மற்றவர்கள் தலையை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டு, டென்னிஸ் ஆட்டம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அலுவலகத்தில் நம்மவர் சுவிட்சை அணைத்த பிறகுதான் ஆட்டம் நின்றது.

தவறு ஒரே ஒரு வரியில் இருந்தது. அன்று சாயங்காலமே திருத்திவிட்டார். மறுபடி போடலாமா என்று அப்போதைய மேலாளர் கேட்டார். பதில் உங்களுக்கே தெரியும். அந்த மேலாளர் வேலையை விட்டுப் போனார். அவருக்குப் பின் வந்தவரும் போனார். இருநூற்றுப் பன்னிரண்டு போகவில்லை. புதன்தோறும் வாசிக்கப்பட்டது, இருக்கட்டும் என்று இருக்கவைக்கப்பட்டது.

இந்த நிலையில்தான் மாமனாருக்குச் சிறுநீர் அடைப்பு வந்தது.

மனைவியை இழந்த பிறகு மாமனார் மகள் வீட்டிலேயே இருந்தார். வயது எழுபத்தாறு. ஸ்கேன் எடுத்த இடத்தில் படத்தைப் பார்த்த டாக்டர் நம்மவரைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டார்: அடைப்பினால் கிட்னி வீங்க ஆரம்பித்திருக்கிறது, சீக்கிரம் பெரிய டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போட்டால் கிட்னி போய்விடும். பெரிய டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வருவது செவ்வாய்க்கிழமை மட்டும். அதுவும் பன்னிரண்டரை மணி வரைக்கும்தான்.

சிறுநீர்ப் பிரிவு என்பது விசேஷமான இடம். அங்கே வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே தொல்லை: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போக வேண்டும். கழிப்பறை இருந்தது நீளமான நடையின் மறுகோடியில். போய்த் திரும்புவதற்குள் எண்ணைக் கூப்பிட்டு முடித்துவிடும். ஆக, அந்தத் தொல்லைக்கு வைத்தியம் கிடைக்க வேண்டுமானால், முதலில் அந்தத் தொல்லை இல்லாதவராக இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் இரண்டு செவ்வாய்க்கிழமை மாமனார் தோற்றார். மூன்றாவது செவ்வாய்க்கு நம்மவர் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனார்.

டோக்கன் எண் இருபத்தேழு. மாமனார் எழுந்து போன இரண்டாவது நிமிடம், அந்தக் கோபமில்லாத குரல் இருபத்தேழை அழைத்தது. நம்மவர் அறை வாசலுக்கு ஓடினார்.

"ஆள் எங்கே?" என்றார் நர்ஸ்.

"பாத்ரூம்ல. இதோ வந்துடுவார்."

"இங்க எல்லாருமே பாத்ரூம்லதான் சார். அடுத்தவங்களைக் கூப்பிட்டுடுச்சு பாருங்க."

கவுண்டருக்கு ஓடினார். அங்கே இருந்த எழுத்தர் சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இருபத்தேழு போயிடுச்சு. புதுசு எடுங்க. இப்போ எடுத்தா அறுபத்தொண்ணு."

"ரெண்டு நிமிஷம்தானே ஆச்சு. நடுவுல விட முடியாதா?"

"நான் விடுவேன் சார். சிஸ்டம் விடாது."

"எந்த சிஸ்டம்?" என்று கேட்டார் நம்மவர். எதற்காகக் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

எழுத்தர் தன் திரையை அவர் பக்கம் திருப்பினார். கீழ்மூலையில் கம்பெனியின் முத்திரை பளிச்சென்று இருந்தது. நம்மவருடைய சட்டைப்பையில் இருந்த பேனாவிலும் அதே முத்திரை. அவர் மெதுவாகக் கையைத் தூக்கிப் பேனாவை மறைத்துக்கொண்டார்.

"இவனுங்கதான். எவனோ ஒருத்தன் ஏசி ரூம்ல உட்கார்ந்து எழுதியிருக்கான். அவனுக்கு எங்கே அவசரம் வரப்போகுது?"

"பார்க்கலாம்" என்றார் நம்மவர்.

அதற்குள் மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"வண்டி போயிடுச்சா?"

"ஆமா மாமா. அறுபத்தொண்ணு தரேங்கறாங்க."

"பன்னிரண்டரைக்கு டாக்டர் போயிடுவார். வேண்டாம், வாங்க." வெளியே வந்து படியில் இறங்கும்போது, கோபம் இல்லாமல், நேரம் சொல்வதுபோல் சொன்னார்: "மாப்பிள்ளை, அடுத்த செவ்வாய் ஒரு தடவை வரேன், உங்களுக்காக. அன்னிக்கும் தவறினா இந்தப் பக்கமே கூப்பிடாதீங்க. கிட்னிதானே. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

அன்று சாயங்காலம் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டே, முதுகைத் திருப்பாமல் கேட்டார்.

"என்னங்க, அந்த ஆஸ்பத்திரி டோக்கன் டப்பா உங்க கம்பெனியோடதுதானே?"

"ஆமா."

"தவறினவங்களைத் திரும்பக் கூப்பிடற மாதிரி பண்ண முடியாதா?"

பண்ணி நான்கு வருடம் ஆகிறது என்று நம்மவர் சொல்லியிருக்கலாம். அது ஆஸ்பத்திரி மெஷினுக்குள்ளேயே, மாமனார் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து ஆறடி தூரத்தில், தூங்கிக்கொண்டிருக்கிறது என்றும் சொல்லியிருக்கலாம்.

"பார்க்கலாம்" என்றார்.

மனைவி குழாயை மூடினார். "பாருங்க" என்றார். அவ்வளவுதான். இருபத்தொரு வருடத்தில் அந்தச் சொல்லுக்கு அவர் பதில் சொன்னது அதுவே முதல் தடவை. நம்மவர் கொஞ்ச நேரம் நடைப்பயிற்சி மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் புதன்கிழமை. அட்டெண்டன்ஸ் நடந்தது.

"இருநூற்றுப் பதினொன்று. சீட்டில் தேதி அச்சடிப்பது."

"இருக்கட்டும்."

"இருநூற்றுப் பன்னிரண்டு. தவறிய டோக்கன்."

"இருக்கட்டும்."

"போடலாம்" என்றார் நம்மவர்.

யாரோ ஒருவர் பட்டியலில் எழுத்துப்பிழை என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தார். டெஸ்டர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று விசாரித்தார்.

மேலாளர் நம்மவரைவிடப் பன்னிரண்டு வயது இளைய பெண்மணி, வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பட்டியலில் ஒன்று விழிப்பதை அவர் இன்னும் பார்த்ததில்லை. "போடுங்க சார். முதல்ல ஐந்து சதவீதம்" என்றார், சத்தம் போட்டால் பறந்துவிடும் ஒரு பறவையிடம் பேசுவதுபோல்.

சதவீதம் என்றால் இப்படி. ஒவ்வொரு இடத்துக்கும் அதன் குறியீட்டை வைத்து, ஒன்றிலிருந்து நூறுக்குள் ஒரு எண்ணை மெஷினே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். ஐந்து சதவீதம் என்றால், ஒன்று முதல் ஐந்து வரை எண் வாங்கிய இடங்களில் மட்டும் சுவிட்ச் விழிக்கும். பத்து என்றால் பத்து வரை. யாருக்கு எந்த எண் என்பதில் மனுஷன் கை கிடையாது. இன்ன இடத்துக்கு மட்டும் போடு என்று பெயர் சொல்லிப் போடவும் கூடாது. ஒருகாலத்தில் விற்பனைப் பிரிவில் இருந்த ஒருவர், தனக்கு வேண்டப்பட்ட இடங்களுக்கெல்லாம் பெயர் சொல்லி வாங்கிக்கொண்டிருந்தார். அதைக் கண்டு கொதித்துப்போய், 'பெயர் சொல்லிப் போடுவது இனி முடியாது' என்று விதி எழுதி, அந்த வசதியையே பிடுங்கி எறிந்தவர் ஒருவர் உண்டு. அவர் வேறு யாருமில்லை, நம்மவரே.

கூட்டம் முடிந்ததும் அவர் தன் இடத்துக்கு வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மாமனாரின் ஆஸ்பத்திரிக்கு எந்த எண் என்று பார்த்தார்.

தொண்ணூற்றேழு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். துடைத்த கண்ணாடியிலும் தொண்ணூற்றேழுதான்.

"என்ன சார், தேர்வு முடிவு வந்துடுச்சா?" என்றார் பின்னால் நின்ற டெஸ்டர் அம்மாள். அவர் ஓசையில்லாமல் நடப்பது தொழில் நிமித்தம். வேறு வழியில்லாமல் நம்மவர் விஷயத்தைச் சொன்னார். மாமனார், செவ்வாய்க்கிழமை, நடையின் மறுகோடி, எல்லாவற்றையும். டெஸ்டர் அம்மாள் சிரிக்கவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக் குறியீட்டுல ஒரு எழுத்தை மாத்தினா மூணோ நாலோ வந்துடும்" என்றார். "நான் பார்க்காத மாதிரி இருந்துக்கறேன்."

நம்மவர் நெடுநேரம் யோசித்தார். அவர் யோசிப்பது புதிதில்லை. ஆனால் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது புதிது. "வேண்டாம்மா. அந்த விற்பனைக்காரர் என்ன தப்பு பண்ணினார்னு நான் மூணு பக்கம் எழுதியிருக்கேன்."

"அப்போ தொண்ணூத்தேழு வரைக்கும் ஏத்தணும். எழுத்தோட கலரை மாத்தறதுக்கே ஒன்பது வாரம் எடுத்துக்கிட்டவர் நீங்க. ஆறு நாள்தான் இருக்கு."

"தெரியும்."

ஆக, உலகத்தில் அநேகமாக யாருக்கும் நேராத ஒரு கதி நம்மவருக்கு நேர்ந்தது. சொந்த மாமனார் ஒருவருக்கு நல்லது செய்ய வேண்டுமானால், முன்பின் தெரியாத ஆயிரத்துச் சொச்சம் ஊருக்கு முதலில் நல்லது செய்தாக வேண்டும்.

புதன்கிழமை ஐந்து. வியாழக்கிழமை பதினைந்து. வெள்ளிக்கிழமை நாற்பது. ஒவ்வொரு முறை தட்டும்போதும் விரலை எடுக்காமல், அணைப்பதற்குத் தயாராக அதன் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார். பதினான்கும் பதினைந்தும் மனதுக்குள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. மூன்று நாளில் வந்த புகார் ஒன்றே ஒன்று: நாய் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒருவர், முன்னால் இருந்த பூனை பயமாக இருக்கிறது என்று வேண்டுமென்றே எண்ணைத் தவறவிட்டு, இரண்டு பேருக்குப் பின்னால் போய்விட்டாராம். புகார் கொடுத்தது பூனைக்காரர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம்மவர் பதிவுகளைத் திறந்தார். சுவிட்ச் விழித்திருந்தால், அது செய்ததெல்லாம் அங்கே வரிவரியாக இருக்கும். இந்த இடம், இத்தனை மணி, இந்த எண், திரும்பி வந்தார். மூன்று நாளில் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்துநான்கு வரிகள். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். எண்களுக்கு முகம் கிடையாது என்றாலும், காலை ஒன்பது பத்துக்கு ஒரு குழந்தை டாக்டரிடம் மூன்றாம் எண்ணைத் தவறவிட்டவர் இடுப்பில் என்ன வைத்திருந்திருப்பார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. எலும்பு டாக்டரிடம் பத்தொன்பதாம் எண் திரும்பி வர ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தார். நடந்து வந்திருப்பார், அவருடைய நடையில்.

பிறகு நான்கு வருடத்துக்கு முன்னால் சுவிட்சை அணைத்ததற்கு மறுநாளிலிருந்து போன செவ்வாய் வரைக்குமான பதிவுகளைக் கேட்டார். திரை ஒரு வெள்ளைத்தாளைக் காட்டியது. அணைத்து வைத்திருந்த காலத்தில் அது ஒன்றும் செய்யவில்லை, ஆகவே ஒரு வரியும் இல்லை. நான்கு வருடம் அவர் யாருக்கும் கெடுதல் செய்யாமல் இருந்ததற்கு, அந்த வெள்ளைத்தாள்தான் அவர் நம்பிய சாட்சி. இன்றைக்கு அதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே தெருவில் போகிற பஸ்களைத் திருத்திக்கொண்டிருந்தார். "திருப்பத்துல கியரை மாத்தறான் பாருங்க, கிறுக்கன்" என்றார். நம்மவர் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு யாரோ செய்கிற வேலை மாதிரி, விஷயத்தைச் சொன்னார். தவறவிட்டவர்களை மெஷின் திரும்பக் கூப்பிடப் போகிறதாம்.

மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. "அது எப்படி? நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறவன் கேனையனா? முப்பத்துநாலு வருஷம் ஓட்டியிருக்கேன். ஓடிவர்றவனுக்கெல்லாம் நிறுத்தினா வண்டி எங்கே போய்ச் சேரும்?"

"நீங்க நிறுத்தினதே இல்லையா மாமா?"

பெரியவர் தெருப் பக்கம் திரும்பினார். "வண்டிக் கண்ணாடியில தெரிவாங்க" என்றார். "பையைத் தூக்கிக்கிட்டு, கையை ஆட்டிக்கிட்டு ஓடி வருவாங்க. சில நாள் பிரேக்கை மிதிச்சிருக்கேன். சில நாள் மிதிக்கலை. யாருக்கு மிதிச்சேன், யாருக்கு மிதிக்கலைன்னு ஒரு நியாயமும் கிடையாது. வந்த மனசுதான்." மறுபடி ஒரு பஸ் போனது. அதை அவர் திருத்தவில்லை. "மிதிச்சவங்க முகம் ஒண்ணுகூட ஞாபகம் இல்லை மாப்பிள்ளை. மத்ததுதான் கண்ணாடியிலேயே நிக்குது."

திங்கட்கிழமை காலை எழுபது. பதினொன்றே காலுக்கு டெஸ்டர் அம்மாள் ஓடி வந்தார். அவர் ஓடியதை யாரும் பார்த்ததில்லை.

"உரிமம் ஆபீஸ்ல இருந்து போன். பதினெட்டாம் நம்பரை மெஷின் திரும்பத் திரும்பக் கூப்பிடுதாம்."

நம்மவருடைய விரல் தானாகவே சுவிட்சுக்குப் போய்விட்டது. ஒரு தட்டுதான். எழுபது சதவீதமும் ஒரு நொடியில் தூங்கிவிடும், அவரும் அடுத்த நான்கு வருடத்துக்கு நிம்மதியாகத் தூங்கலாம். மேலாளர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் நம்மவர் பதிவைத் திறந்தார். பதினெட்டு, கூப்பிட்டது, ஆள் இல்லை. பதினெட்டு, திரும்பி வந்தார். கூப்பிட்டது, ஆள் இல்லை. திரும்பி வந்தார். கூப்பிட்டது, ஆள் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போயிருந்தது. எழுதியபடியே நடந்திருந்தது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார். "பதினெட்டு எங்கே போறார்னு கேளுங்க."

டெஸ்டர் அம்மாள் போனில் கேட்டுவிட்டு வந்தார். "வாசல்ல நின்னு சிகரெட் பிடிக்கிறாராம். ஒவ்வொரு தடவையும் பத்த வச்சவுடனே கூப்பிடுதாம். மெஷின் வேணும்னே பண்ணுதுன்னு சண்டை."

நம்மவர் விரலை எடுத்தார். எடுத்த பிறகுதான் அது மரத்துப்போயிருந்தது தெரிந்தது.

சாயங்காலம் அவராகவே மேலாளரின் மேசைக்குப் போனார்.

"மேடம், தொண்ணூத்தேழு போட்டுக்கலாமா?"

"தொண்ணூறு கேள்விப்பட்டிருக்கேன், நூறு கேள்விப்பட்டிருக்கேன். அது என்ன சார் தொண்ணூத்தேழு?"

நம்மவர் தரையைப் பார்த்தார். "என் மாமனார் தொண்ணூத்தேழுல இருக்கார்."

கதை முழுவதையும் கேட்டுவிட்டு மேலாளர் சொன்னார்: "பேரைச் சொல்லாம இவ்வளவு தூரம் சுத்தி வந்திருக்கீங்க. கடைசி மூணு நம்பர்ல இருக்கிறவங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க? நூறு போடுங்க. புதன்கிழமை அந்த சுவிட்சையே எடுத்துடுங்க."

சுவிட்சை எடுப்பது என்றால், இனி அணைக்க வழியில்லை என்று அர்த்தம். திரும்பும் வழி அடைபடும். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து நம்மவர் ஒரு சுவிட்சையும் எடுத்ததில்லை. வாயைத் திறந்தார். தலை இடப்பக்கம் சாயத் தொடங்கியது. சாய்ந்த தலையைப் பாதியில் நிமிர்த்தி, தன் இடத்துக்குப் போய், நூறு போட்டார்.

செவ்வாய்க்கிழமை. டோக்கன் எண் முப்பத்தொன்று. இருபத்தொன்பதைக் கூப்பிட்டதும் மாமனார் எழுந்தார்.

"இப்போவா மாமா?"

"நான் முடிவு பண்றது இல்லை மாப்பிள்ளை."

முப்பத்தொன்றைக் கூப்பிட்டது. போனது. முப்பத்திரண்டு உள்ளே போனார். திரும்பி வந்த மாமனார் திரையைப் பார்த்தார், தன் சீட்டைப் பார்த்தார், கைத்தடியை வாசல் பக்கம் திருப்பினார். நம்மவர் அவர் முழங்கையைப் பிடித்து மெஷினுக்கு அழைத்துப்போனார். அதில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'கூப்பிட்டபோது இல்லையா? சீட்டைக் காட்டவும்.' காட்டினார்கள். 'முப்பத்தொன்று, இரண்டு பேருக்குப் பிறகு' என்றது.

"யாரு போட்டது இதை?" என்றார் மாமனார் சந்தேகமாக.

"யாரோ ஒருத்தர். ஏசி ரூம்ல உட்கார்ந்து."

இரண்டு பேர் போவதற்குள் மாமனாருக்கு மறுபடி வந்துவிட்டது. முப்பத்தொன்றை மறுபடி கூப்பிட்டபோது அவர் நடையின் மறுகோடியில் இருந்தார். திரும்பி வந்து சீட்டைக் காட்டினார்கள். 'இரண்டு பேருக்குப் பிறகு. இது கடைசி முறை' என்றது மெஷின். இரண்டு முறைக்குமேல் மன்னிக்கக் கூடாது, மக்கள் துஷ்பிரயோகம் செய்வார்கள் என்று நான்கு வருடத்துக்கு முன்னால் முடிவெடுத்த அந்த ஜாக்கிரதையான மனிதரை நம்மவர் மனதுக்குள் நன்றாகத் திட்டினார்.

மாமனார் நாற்காலியின் நுனியில், இரண்டு கையாலும் தடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த பிடி அது. முப்பத்தைந்து உள்ளே போனார். நெற்றியில் வேர்வை அரும்பியது.

"தாங்குமா மாமா?"

"ரெண்டு ஸ்டாப்தானே. பேசாதீங்க."

முப்பத்தாறு உள்ளே போனவர் டாக்டரிடம் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம் ஓடியது. எதிர்வரிசையில் ஒரு பெண்மணி நடையிலிருந்து அவசரமாக வந்து, திரையைப் பார்த்துச் சோர்ந்து, பிறகு மெஷினில் இருந்த வரியைப் படித்து, சீட்டைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். நம்மவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்ப என்ன இருக்கிறது? நாளைக்குச் சுவிட்சை எடுத்துவிட்டால், இது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். எடுத்துவிடுவது என்று நம்மவர் அங்கேயே, அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தார்.

'டோக்கன் எண் முப்பத்தொன்று, அறை எண் மூன்று.'

மாமனார் எழுந்தார். முப்பத்துநான்கு வருடத்தில் ஒரு நாளும் எடுக்காத வேகத்தில் வண்டியை எடுத்தார்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா கிட்னி கையை விரிச்சிருக்கும்" என்றார். "இப்போ ஒண்ணும் கெட்டுப்போகலை. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். காலையில ஏழு மணிக்கு வந்துடணும்." பிறகு நம்மவரைப் பார்த்தார். "கூட வந்தவர் நீங்கதானே? சரியா?"

மாமனார் மருமகனைத் திரும்பிப் பார்த்தார், இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே பார்வை.

"சரி" என்றார் நம்மவர்.

பெரியவர் சட்டைப் பொத்தானை நிதானமாகப் போட்டுக்கொண்டார். வெளியே வந்து கதவு மூடிய பிறகுதான் சொன்னார்.

"என் பொண்ணுக்கே இந்த வார்த்தை கிடைக்கலையே மாப்பிள்ளை."

சொல்லிவிட்டு, தடியை ஊன்றி, நடையின் மறுகோடியைப் பார்த்து நடந்தார். இந்த முறை அவருக்கு அவசரமில்லை. யாரும் கூப்பிடப்போவதில்லை.